புகைபிடிக்காத வீடு, செல்லப்பிராணி இல்லை

விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.
ஏழாவது படத்தில், அலமாரி ஓரம்,
ஒரு பூனையின் வால்.

அதனால்தான் நம்பினேன் என்று நினைக்கிறேன்.
மார்ச் மாதம் ஒருவன்
இதே வால்வு ஆம்ப்ளிஃபையருக்குப் பாதி விலை சொன்னான்.
படங்களில் ஒரு தூசி இல்லை, ஒரு வால் இல்லை.
பணத்தை மட்டும் வேறொரு நாட்டு வங்கிக்கு
இன்றே அனுப்பு, மனைவி ஆஸ்பத்திரியில் என்றான்.
அவன் மனைவி நலமாக இருக்கட்டும்.

இந்த முறை கேட்டுக்கொண்டேன்:
அதன் தலைமேல் ஒரு கரண்டியை வைத்துப்
படம் எடுத்து அனுப்புங்கள்.
எதற்கு என்று கேட்காமல்
பத்தே நிமிடத்தில் அனுப்பினார் ஓட்டோகர்.
மூவாயிரத்து எண்ணூறு யூரோவின் மேல்
படுத்திருந்தது மரக்கரண்டி,
நுனியில் தக்காளிக் கறை.

மாரிபோரிலிருந்து லெயோபன் ஒன்றரை மணி நேரம்.
எல்லையில் யாரும் நிறுத்தவில்லை.
உள்பையில் நோட்டுகள்,
பல் செட் செய்து சேர்த்தவை:
ஞாயிற்றுக்கிழமைகளின் கடைவாய்ப் பற்கள்,
ஸ்வெஸ்தானாவுக்குத் தெரியாத கோரைப் பற்கள்.
அவளிடம் ஆயிரத்து இருநூறு என்று சொல்லியிருக்கிறேன்.
அதற்கே அவள்
ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஓட்டோகர் முகத்தைக் கொஞ்சம் திருப்பி
என் உடைந்த ஜெர்மனை இடது காதில் வாங்கிக்கொண்டார்.
வலது போய் மூன்று குளிர்காலம்.
வெறும் சளி, என்றார்.
ஒற்றைக் காதுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி?

சந்தையில் போன வருடம் வாங்கிய தட்டு,
உறை இல்லை, லேபிள் கிழிந்திருந்தது.
ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினார்.
பியானோ, என்றார். தனியாக. எவ்வளவு தனியாக, பாருங்கள்.
இடது ஸ்பீக்கர் வாசித்தது.
வலது ஸ்பீக்கரின் மேல்
இல்லாத பூனை உறங்கிக்கொண்டிருந்தது.

காப்பி எடுக்க அவர் உள்ளே போனதும்
அணைத்து, வயர்களை மாற்றிச் செருகி, மறுபடி போட்டேன்.
இப்போது இடது ஊமை.
ஸ்பீக்கர் அல்ல, பெட்டிதான்.
பழையபடி செருகிவைத்தேன்,
கை நனைந்திருந்தது.

சொல்லியிருக்கலாம்.
இரக்கத்தால் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான்.
ஆனால் பழுதென்று தெரிந்தால்
சரிபார்த்துத் தானே வைத்துக்கொள்வாரோ
என்றுதான் பயந்தேன்.
பக்கவாட்டுக் கீறலைக் காட்டி
முந்நூறு குறையுங்கள் என்றபோது
என் குரல் நடுங்கவும் இல்லை.
குறைத்தார்.
இருபத்தெட்டுக் கிலோவையும் படியில்
என்னோடு சேர்ந்து இறக்கினார்.
தட்டையும் பெட்டிக்குள் போட்டார், சும்மா வைத்துக்கொள் என்று.

யெர்னெய் மூடியைக் கழற்றினான்,
மிளகளவு ஈயம் விட்டிருந்தது.
பற்றவைத்தான். பதினெட்டு யூரோ.

அன்று இரவு வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்து
அந்தத் தட்டைப் போட்டேன்.
வலப்பக்கம்
ஒரு செல்லோ உட்கார்ந்திருந்தது.
முதல் நொடியிலிருந்தே.
பியானோ ஒவ்வொரு முறை நிறுத்தியதும்
அதைப் பேசவிடத்தான்.

காலையில் தளத்தில் ஐந்து நட்சத்திரம், கீழே ஓட்டோகர்:
நேரத்துக்கு வந்தார். நேர்மையானவர்.
பதிலுக்கு எழுதினேன்,
அதில் ஒரு செல்லோ இருக்கிறது, என்று.
அனுப்பாமல் அழித்தேன்.
பிறகு நானும் ஐந்து கொடுத்தேன்.

பெட்டியின் அடியில், காகிதச் சுருளுக்குள்,
அந்த மரக்கரண்டியையும் வைத்திருந்தார், வேடிக்கைக்கு.
ஸ்வெஸ்தானா சூப்பைக் கிண்டிக்கொண்டே
இது என்ன விலை என்றாள்.
இலவசம், என்றேன்.
அதை மட்டும் அவள் நம்பவில்லை.